கார்த்திகைக் கிழங்கு

சிறுகிழங்கைக் கத்தியால் சீவக் கூடாது. கோணியில் போட்டு, வாயைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, சிமெண்டுத் தரையில் நன்றாகத் தேய்த்தால் தோல் தானாகக் கழன்றுவிடும். மிச்சத்தை நகத்தால் எடுத்தால் போதும். சென்னைக்காரர்களிடம் இதைச் சொன்னால், ஒரு பீலர் வாங்கக் கூடாதா என்று கேட்பார்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஆவடியில் இருக்கிறேன். இவர்களுக்குப் பதில் சொல்வதை எப்போதோ விட்டுவிட்டேன்.

என் பெயர் வசந்தகுமாரி. சொந்த ஊர் ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கம். என் கணவருக்கு இங்கே பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை. அவர் இருந்தவரை குவார்ட்டர்ஸ் வாசம். அவர் போன பிறகு கோவில்பதாகையில் கட்டிய வீட்டுக்கு வந்துவிட்டேன். சமையல் புத்தகங்கள் எழுதுகிறேன். நீங்கள் படித்திருக்க மாட்டீர்கள். இப்போதெல்லாம் யாரும் படிப்பதில்லை, பார்க்கிறார்கள்.

என் அடுத்த வீட்டு வடிவு இறந்ததைப் பற்றி நீங்கள் எழுதி மூடிய வழக்கில் ஒரு பிழை இருக்கிறது. அதைத் திருத்திவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தேன். கொஞ்சம் முன்னாலிருந்து சொன்னால்தான் விளங்கும். உங்களுக்கு விளங்குகிற வேகத்தில் சொல்கிறேன்.

குவார்ட்டர்ஸில் எங்கள் வரிசையில் ஒரு வீடு தஞ்சாவூர், ஒரு வீடு சேலம், ஒரு வீடு நாகர்கோவில், எதிர்வீடு ஆர்க்காடு. சாயங்காலமானால் ஜன்னலுக்கு ஒரு ஜில்லா மணக்கும். அந்தப் பெண்கள் வாயால் சொன்னதைத்தான் நான் எழுத்தில் கொண்டுவந்தேன். அவர்கள் சொன்னதைச் சமையல் குறிப்பு என்று சொல்ல முடியாது. கொஞ்சம் போடு, வாசம் வந்ததும் இறக்கு என்பார்கள். எவ்வளவு கொஞ்சம், என்ன வாசம் என்று உட்கார்ந்து எழுதியவள் நான். ‘குவார்ட்டர்ஸ் அடுப்பு’ என்று என் முதல் புத்தகம் வந்தபோது சேலத்துக்காரி ஒருத்தி வந்து நின்றாள். “அந்தக் கொள்ளுக் கடையல் நான் சொன்னது தானுங்களே, அதைக் காணக் கடையல்னு மாத்திப் போட்டுட்டீங்க,” என்றாள். கொள்ளுக்கு எங்கள் ஊரில் காணம் என்றுதான் பெயர். சொன்னது நீ, எழுதியது நான் என்று சொல்லி அனுப்பினேன். சட்டமும் அதைத்தான் சொல்கிறது. வாயில் இருப்பது யாருக்கும் சொந்தமில்லை. எழுதிய வாக்கியம் எழுதியவருக்குச் சொந்தம்.

சொற்களில் நான் கண்டிப்பு. என் ஊர்ச் சொல்லைத்தான் எழுதுவேன். காய்ந்த மிளகாயை வத்தல் என்றுதான் எழுதுவேன். அம்பத்தூரில் அச்சகம் வைத்திருக்கிற ஜெயராமன்தான் என் பதிப்பாளர். ஒவ்வொரு புத்தகத்துக்கும் கெஞ்சுவார். “மேடம், மெட்ராஸ் ஜனங்களுக்கு வத்தல்னா சுண்டக்கா வத்தல் தான். பக்கத்துல ஒரு வார்த்த போட்டுடலாமே?” புரியாதவர்கள் நாலு பேரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்பேன். சாப்பிடத் தெரிகிறவர்களுக்கு அந்த உழைப்புகூட வேண்டாமா?

இப்போது ஷர்மிளாவுக்கு வருகிறேன். கரையான்சாவடி மெயின் ரோட்டில் ஒரு மொபைல் கடைக்கு மாடியில் குடியிருக்கிறாள். ‘ஷர்மி ஊட்டு அடுப்பு’ என்று யூடியூபில் சமையல் சேனல் நடத்துகிறாள். பெயரிலேயே கைவரிசை தெரிகிறது. குவார்ட்டர்ஸைத் தூக்கிவிட்டுத் தன் ஊட்டை வைத்துக்கொண்டாள். ஆரம்பத்தில் என் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு வரிக்கு வரி வாசித்தாள். ஒரு குறிப்பில் நான், ‘இந்தத் துவையலை என் மாமியார் தொடக்கூட மாட்டார்’ என்று எழுதியிருந்தேன். கல்யாணமே ஆகாத ஷர்மிளா அதையும் வாசித்து, தன் மாமியாரைப் பற்றிச் சொல்லிச் சிரித்தாள். கீழே நூற்றுக்கணக்கான பேர் தங்கள் மாமியார்களைப் பற்றி எழுதியிருந்தார்கள். நம் ஜனங்களின் தரம் அவ்வளவுதான்.

யூடியூபுக்குப் புகார் எழுதினேன். அந்த வீடியோவை எடுத்துவிட்டார்கள். அதோடு விட்டிருக்கலாம். நேரில் போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரலாம் என்று கரையான்சாவடிக்கு பஸ் ஏறினேன்.

ஷர்மிளா என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். நாற்காலியில் கிடந்த துணியைத் தள்ளிவிட்டு உட்கார வைத்தாள். “யக்கா, உங்க புக்கு தான் க்கா எனக்கு உசுரு. அத பாத்து தான் நான் அடுப்பாண்டயே போனேன்,” என்றாள். டீ போட்டுக் கொடுத்தாள், என் புத்தகத்தில் உள்ளபடி இஞ்சியைத் தட்டிப் போட்டு.

“உயிர் என்றால் என் பெயரைச் சொல்லிச் செய்ய வேண்டியதுதானே,” என்றேன்.

“பேரா? பேர் போட்டா பாக்கறவங்க உங்களாண்ட தான போவாங்க. நான் இன்னா பண்றது?” என்றாள். கோபமில்லை, வெட்கமுமில்லை. “அதுவும் கொழம்பு இன்னா ஒருத்தர் ஊட்டு சொத்தா க்கா? எல்லா ஊட்லயும் தான் வெக்கிறாங்க. நீங்களும் யாரையோ பாத்து தான கத்துகினீங்க?”

புறப்படும்போது என் தோளில் கை போட்டு ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டாள். நான் சிரிக்கவில்லை. அன்று சாயங்காலமே அந்தப் படத்தை, ‘எங்க ஊட்டுக்கு வந்த விருந்தாளி’ என்று போட்டிருந்தாள். என் பெயரைப் போடவில்லை.

அதற்குப் பிறகு அவள் வேலை செய்யும் விதம் மாறியது. என் புகாரிலிருந்து ஒன்றைக் கற்றுக்கொண்டாள். அப்படியே வாசித்தால்தானே மாட்டுவோம், வரிக்கு ஒரு சொல்லை மாற்றிவிட்டால் மாட்ட மாட்டோம். நான் உள்ளி என்றால் அவள் வெங்காயம், நான் காணம் என்றால் அவள் கொள்ளு. வரிசை அதே, அளவு அதே, வாக்கியத்தின் நடைகூட அதே. தனக்குத் தெரியாத ஊர்ச்சொல் வந்தால் கைப்பேசியில் தட்டி, முதலில் வருகிற வேறு பெயரை எடுத்துப் போட்டாள். ஜெயராமன் புத்தகம் விற்கட்டும் என்று என்னை ஃபேஸ்புக்கில் வாரம் ஒரு குறிப்பு எழுதச் சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை நான் எழுதுவேன். ஞாயிற்றுக்கிழமை அது ஷர்மிளா வாயிலிருந்து வரும்.

ஒருமுறை புளிக்காய்ச்சலுக்கு ஒரு கை வத்தல் என்று எழுதினேன். ஷர்மிளா அதை மாற்றி, ஒரு கை சுண்டைக்காய் வத்தல் போட்டுக் காய்ச்சினாள். கசப்பு நாக்கில் ஒட்டிக்கொண்டு போகாது. அதைத் தின்று பார்த்தவர்கள் கீழே, சூப்பர் ஷர்மி, ஹெல்த்தி ஷர்மி என்று எழுதினார்கள். சொன்னதை அப்படியே செய்கிற ஜனங்கள். கசந்தாலும் தங்கள் நாக்கின் மேல்தான் சந்தேகப்படுவார்கள், அவள் மேல் படமாட்டார்கள். இதை நான் மனதில் வைத்துக்கொண்டேன்.

முறைப்படி போகவில்லையா என்று நீங்கள் கேட்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன், போனேன். பூந்தமல்லி கோர்ட்டுக்கு எதிரே வெங்கட் என்று ஒரு வக்கீல். சட்டம் தெரிந்தவர் என்று சொல்ல மாட்டேன், சட்டப் புத்தகம் வைத்திருப்பவர். ஷர்மிளாவின் வீடியோக்கள் சிலவற்றையும் என் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன்.

“மேடம், கொழம்புக்கு காப்பிரைட் கெடையாது. உங்க வாக்கியத்துக்கு தான் கீது. அந்தப் பொண்ணு வாக்கியத்த மாத்திடுச்சு. இப்ப அது அவ வாக்கியம்,” என்றார்.

“யோசனை என்னுடையது,” என்றேன்.

“யோசனைக்கு எவனும் பட்டா போட முடியாது மேடம். சரி, போடறோம்னே வெச்சுக்கோங்க. ஜட்ஜ் மொதோ கேள்வியே இன்னா கேப்பார் தெரியுமா? அவ மாத்துனதால யாருக்கு இன்னா கெட்டுபோச்சு? ஏதாச்சும் கெட்டிருந்தா எடுத்துகினு வாங்க. இல்லாட்டி கேஸு நிக்காது.”

நான் நன்றி சொல்லிவிட்டு எழுந்தேன். வாழ்க்கையில் ஒரு வக்கீல் எனக்கு இவ்வளவு தெளிவாக எதையும் சொன்னதில்லை. மாற்றிய சொல் மாற்றியவளுடையது. மாற்றியதால் ஏதாவது கெட வேண்டும்.

எங்கள் வீட்டில் சிறுகிழங்குக்குக் கார்த்திகைக் கிழங்கு என்று பெயர். ஊர் முழுக்க அப்படி இல்லை, எங்கள் தெருவில் நாலைந்து வீடுகளில் மட்டும். கார்த்திகையில் முதல் கிழங்கு தோண்டுவதால் வந்த பெயர். மற்ற எல்லா இடத்திலும், அகராதியிலும், கார்த்திகைக் கிழங்கு என்றால் வேறு. மழைக்காலத்தில் வேலியில் ஏறி, சிவப்பும் மஞ்சளுமாக, நெருப்பு மாதிரிப் பூக்குமே ஒரு கொடி, அதன் கிழங்கு. கண்வலிக் கிழங்கு என்றால் கிராமத்தில் குழந்தைகூட விலகிப் போகும். அதற்கே கலப்பைக் கிழங்கு என்றும் ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயர் அவ்வளவு பேருக்குத் தெரியாது.

கைப்பேசியில் கார்த்திகைக் கிழங்கு என்று நானே தட்டிப் பார்த்தேன். வேறு பெயர் என்று முதலில் வந்தது கலப்பைக் கிழங்கு. நாலைந்து வரி தள்ளி, கொடிய நஞ்சு என்று போட்டிருந்தது. ஷர்மிளா அவ்வளவு தூரம் படிக்கிறவள் இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை கார்த்திகைக் கிழங்குப் புளிக்குழம்பு எழுதினேன். எனக்கே பிடித்த குறிப்பு அது. கிழங்கைக் கோணியில் தேய்ப்பது, வெந்த பதம் பார்ப்பது, புளி கொதித்த பிறகே கிழங்கைச் சேர்ப்பது என்று ஒவ்வொன்றையும் ஒழுங்காக எழுதினேன். அதில் ஒரு பொய் கிடையாது. சிறுகிழங்கு என்ற சொல்லை மட்டும் எழுதவில்லை. எழுதியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. என் பக்கத்தைப் படிக்கிறவர்கள் சமைக்கிறவர்கள் அல்ல, அருமை மேடம் என்று போட்டுவிட்டுப் போகிறவர்கள். ஒரே ஒருவர் மட்டும் இது எந்தக் கிழங்கு என்று கேட்டார். அவருக்குத் தனியாக, சிறுகிழங்குதான் என்று பதில் எழுதினேன். என்னிடம் கேட்டவருக்கு நான் சொல்லாமல் இருந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஷர்மிளா வந்தாள். “இன்னிக்கு எங்க ஆயா காலத்து கலப்பைக் கெழங்கு கொழம்பு,” என்றாள். எனக்கு முழு நிம்மதி வரவில்லை, ஏனென்றால் அவள் சட்டியில் இருந்தது சேப்பங்கிழங்கு. “எனக்கு கெடைக்கல, அதனால சேப்பங்கெழங்கு போட்டுகிறேன். ஆனா ஒரிஜினல் கலப்பைக் கெழங்குல வெச்சு பாருங்க, டேஸ்ட்டு சும்மா அள்ளும். வேலி ஓரத்துல எல்லாம் கீது,” என்று சொல்லிவிட்டு, எங்கிருந்தோ எடுத்த அந்தப் பூவின் படத்தையும் பெரிதாகப் போட்டுக் காட்டினாள். இந்த அளவுக்கு நானே எதிர்பார்க்கவில்லை. சோம்பேறிகள் சில சமயம் உழைப்பாளிகளை மிஞ்சிவிடுகிறார்கள்.

யார் அதைச் சமைக்கப்போகிறார்கள் என்று யோசித்தீர்களா என்று கேட்பீர்கள். யோசிக்கவில்லை. யாராவது என்பது எனக்குப் போதுமாக இருந்தது. ஈரோட்டிலோ விழுப்புரத்திலோ முகம் தெரியாத ஒருத்தி ஆஸ்பத்திரிக்குப் போவாள், பேப்பரில் வரும், அதைக் கத்தரித்துக்கொண்டு பூந்தமல்லிக்குப் போகலாம் என்று இருந்தேன். அடுத்த வீடாக அமையும் என்று நினைக்கவில்லை.

வடிவு கோவில்பதாகையிலேயே பிறந்து வளர்ந்தவள். அவர்கள் குடும்பத்துக்கு ஏரியை ஒட்டி நிலம் இருந்ததாம். அவள் பாவாடை கட்டுகிற வயதிலேயே அது பிளாட் ஆகிவிட்டது. ஆகவே செடி கொடி பெயர் எதுவும் அவளுக்குத் தெரியாது. அவள் கணவர் கோதண்டம் திருமழிசை எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டுகிறார். எனக்கு டெங்கு வந்தபோது வடிவுதான் காய்ச்சல் விடும்வரை கஞ்சி கொண்டுவந்தாள். கஞ்சியில் உப்பு எப்போதும் குறைவாக இருக்கும். பதிலுக்கு என் புத்தகங்கள் எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அவற்றை ஃபிரிட்ஜ் மேல் அடுக்கி, அழுக்குப் படாமல் ஒரு துண்டைப் போர்த்தி வைத்திருந்தாள். திறந்ததில்லை. “எனுக்கு எழுத்துக்கூட்டி படிக்கறதுக்குள்ள அடுப்பு அணைஞ்சிடும் க்கா. ஷர்மி பேசசொல்ல நான் பாட்டுக்கு கூடவே செஞ்சிடுவேன்,” என்பாள். என் புத்தகத்தைத் துண்டு போர்த்தி வைத்துவிட்டு, என்னைத் திருடியவளைப் பார்த்துச் சமைத்தாள். அதை என்னிடமே சிரித்துக்கொண்டு சொன்னாள். எனக்கு எரிச்சலாக இருந்தது. அதை மறைக்க நான் விரும்பவில்லை.

ஒரு காலையில் நான் துணி உலர்த்தப் பின்பக்கம் போனபோது, வடிவு தன் குழாயடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கோணியில் எதையோ தேய்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எடுத்துக் காட்டினாள்.

“யக்கா, இத பாரேன். ஏரிக்கர வேலில நோண்டிகினு வந்தேன். ஷர்மி சொன்ன கலப்பைக் கெழங்கு இதான?”

மதில் ஓரம் போய்க் குனிந்து பார்த்தேன். வெள்ளையாக, இரண்டு கிளையாக வளைந்து, சேறு போகக் கழுவி வைத்திருந்தாள். அதேதான். என் கோணி, என் தேய்ப்பு, ஷர்மிளா வழியாக வடிவு கைக்கு வந்து என் கண் முன்னாலேயே உட்கார்ந்திருந்தது. எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும் என்று நீங்கள் நினைப்பீர்கள். சந்தோஷம்தான் வந்தது. புத்தகம் அச்சாகி முதல் பிரதி கைக்கு வரும்போது வருமே, அதே சந்தோஷம்.

“வீடியோவில் அவள் காட்டினது இதுதானா?” என்று கேட்டேன்.

“அதே பூவு தான் க்கா. போன பக்கத்துல வெச்சு பாத்துகினே நோண்டினேன்.”

“அப்படியானால் அவள் சொன்னது இதுதான்.”

“உன் புக்குல கீதா இது?”

“இல்லை வடிவு. என் புத்தகத்தில் கலப்பைக் கிழங்கு கிடையாது.”

“அப்ப உனக்கே தெரியாத ஒண்ண நான் செய்ய போறேன்,” என்று சொல்லிச் சிரித்தாள். நான் சொன்னது ஒவ்வொன்றும் உண்மை. வேண்டுமானால் என் புத்தகங்களைப் புரட்டிப் பாருங்கள்.

மத்தியானம் மதில் மேல் ஒரு கிண்ணம் வந்தது. “சூடா சாப்பிடு க்கா. எப்டி கீதுன்னு கரெக்டா சொல்லணும்,” என்றாள். வாங்கி, மூடி போட்டு, ஃப்ரீஸரில் வைத்தேன். வெங்கட் கேட்டது என் கைக்கு வந்துவிட்டது. அதை நீங்கள் வந்து எடுத்துக்கொள்ளலாம், தொடாமல் வைத்திருக்கிறேன். கொஞ்ச நேரம் கழித்து அங்கிருந்து குரல் கொடுத்தாள், எப்படி இருக்கிறது என்று. புளி கொஞ்சம் தூக்கல் என்றேன். மணத்தை வைத்தே சொல்லிவிடலாம். அப்போது அவள் இன்னும் சாப்பிடவில்லை. கோதண்டத்துக்காகக் காத்திருந்தாள். அவர் அன்று ஷிஃப்ட் முடிந்து சீக்கிரம் வந்தார். எங்கள் சுவர்கள் அடுத்தடுத்து இருப்பவை, தட்டு வைக்கிற சத்தம் கேட்டது. நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் ஆரம்பித்தது. இரண்டு பேருக்கும் நிற்காமல் வாந்தி, வயிற்றுப்போக்கு. கோதண்டம் ஆசைக்கு ஒரு கரண்டிதான் போட்டுக்கொண்டாராம். வடிவு, செய்ததை வீணாக்கக் கூடாது என்று நிறையச் சாப்பிட்டுவிட்டாள். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனது நான்தான். அதற்கு நன்றி சொல்லி நீங்களே எழுதியிருக்கிறீர்கள். என்ன சாப்பிட்டார்கள் என்று டாக்டர் என்னிடம் கேட்டார். சின்ன வயசு, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்பை மாலை மாதிரிப் போட்டிருந்தார். ஏதோ கிழங்கு என்றேன். என்ன கிழங்கு என்று அவர் இரண்டாவது கேள்வி கேட்கவில்லை. இந்தக் காலத்தில் யாரும் இரண்டாவது கேள்வி கேட்பதில்லை.

மறுநாள் வார்டில் வடிவு என்னைக் கண்ணால் கூப்பிட்டாள். குனிந்து காதை வைத்தேன். உதடு வெடித்துப்போயிருந்தது.

“யக்கா. கிண்ணத்துல குட்தேனே. நீ சாப்ட்டியா?”

“இல்லை,” என்றேன்.

“அப்பாடா,” என்று கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு அவள் பேசவில்லை. அந்த வாரத்துக்குள் போய்விட்டாள். செத்துக்கொண்டிருக்கும்போதும் அவளுக்கு அடுத்த வீட்டுத் தட்டில் என்ன இருக்கிறது என்பதுதான் கவலை. சுபாவம் மாறாது.

அதற்குப் பிறகு நான் காத்திருந்தேன். நீங்கள் ஷர்மிளாவைக் கூப்பிட்டு விசாரித்தபோது, அவள் பயந்துபோய், ஐயோ இது என்னுடையது இல்லை, வசந்தகுமாரி அக்கா எழுதினதைப் பார்த்துச் செய்தேன், கிழங்கின் பெயரை மட்டும் நான் மாற்றினேன் என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன். எத்தனையோ நாளாக நான் கேட்க நினைத்த வாக்கியம் அது. அவள் என்ன சொன்னாள் என்று உங்களுக்குத் தெரியும். தன் ஆயா செய்த குழம்பு என்றாள். தலைமுறை தலைமுறையாகத் தங்கள் ஊட்டில் சாப்பிடுவது என்றாள். வந்து ஒரு வீடியோவும் போட்டாள், மேக்கப் இல்லாமல், கண்ணைத் துடைத்துக்கொண்டு. “எங்க ஆயா மேல சத்தியமா அது எங்க ஊட்டு கொழம்புங்க. அந்தம்மா பாவம், வேற ஏதோ கெழங்க நோண்டிட்டாங்க.” பழைய வீடியோவை எடுத்துவிட்டாள். புதிய வீடியோவைப் பழையதைவிட அதிகம் பேர் பார்த்தார்கள். ஒரு பிணம் விழுந்த பிறகும் திருடினதை அவள் கையிலிருந்து விடவில்லை. அந்த ஒரு விஷயத்தில் அவளை நான் குறைத்துத்தான் மதித்துவிட்டேன்.

வெங்கட்டிடம் போனேன். “அது தன்னுது தான்னு அவளே போலீஸ்ல ஒத்துகினா மேடம். இனிமே நீங்க என்னுதுன்னா, ஜட்ஜ் உங்கள ஒரு மாதிரி பாப்பார். விட்டுடுங்க,” என்றார். ஊரே விட்டுவிடச் சொன்னது. நீங்களும் விபத்து என்று எழுதி மூடினீர்கள்.

நானும் விட்டிருப்பேன். இதை நீங்கள் நம்ப வேண்டும். போன வாரம் கோதண்டம் வீட்டுக்கு வந்திருக்காவிட்டால் நான் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டேன்.

கதவைத் திறந்தபோது யாரோ என்று நினைத்தேன். தலையில் ஒரு முடி இல்லை, புருவம் இல்லை. அந்தக் கிழங்கு உயிரோடு விட்டவர்களை அப்படித்தான் விடும். உள்ளே வந்து உட்காரவில்லை, நிலையைப் பிடித்துக்கொண்டே நின்றார். என் புத்தகங்களை அந்தத் துண்டோடு கொண்டுவந்திருந்தார்.

“இத நீங்களே வெச்சுக்கோங்க க்கா. ஊட்ல படிக்கறவங்க யாரும் இல்ல,” என்றார். “அன்னிக்கு நீங்க சாப்டாம இருந்தீங்களே, அது போதும். இல்லாட்டி உங்களையும் கொன்னுட்டோம்னு நான் எப்டி இருப்பேன்? அவ தான் க்கா தப்பா நோண்டிட்டா. யாரையும் சொல்லி குத்தமில்ல. எல்லாம் அவ பண்ண தப்பு.”

அழுதார். அழட்டும் என்று விட்டேன். அவர் போன பிறகும் அந்த வார்த்தை என்னை விட்டுப் போகவில்லை. நீங்கள் எழுதினதன் நகலை வாங்கி வாசித்துப் பார்த்தேன். அதிலும் அப்படித்தான் இருக்கிறது. இறந்துபோன பெண், கிழங்கை அடையாளம் தெரியாமல் தவறாகத் தோண்டி எடுத்துச் சமைத்ததால் நேர்ந்த விபத்து. குழம்பு ஷர்மிளாவுக்குப் போய்விட்டது, சரி. மிச்சம் இருந்தது சாவு ஒன்றுதான். அதையும் தூக்கி எழுத்துக்கூட்டத் தெரியாத ஒருத்தி பெயரில் எழுதிக் கொடுத்துவிட்டீர்கள்.

வடிவு எதையும் தவறாகத் தோண்டவில்லை. சொல்லப்பட்டது எதுவோ அதைத் துல்லியமாகத் தோண்டினாள். அவளுக்குச் சொன்னவள், நான் எந்தச் சொல்லை எங்கே மாற்றுவாள் என்று நினைத்தேனோ, அங்கே அந்தச் சொல்லையே மாற்றினாள். எந்த ஜனங்கள் கேள்வி கேட்க மாட்டார்கள் என்று நினைத்தேனோ, அவர்கள் கேட்கவில்லை. கேட்ட ஒருத்திக்கு நான் சொல்லவில்லை. தற்செயலாக நடந்தது என்று இதில் ஒன்றுகூடக் கிடையாது. இவ்வளவு சுத்தமாக நான் வேறெதையும் செய்ததில்லை, புத்தகங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நான் மனம் வருந்தி வந்ததாக எழுதிவிடாதீர்கள். உங்களுக்கு அப்படி எழுதத்தான் வரும், வேண்டாம். விபத்து என்ற சொல்லை அடித்துவிட்டு இதை எழுதுங்கள். வடிவைக் கொன்றது வசந்தகுமாரி. யோசனையும் வாக்கியமும் அவளுடையவை. ஷர்மிளாவுக்கு இதில் பங்கு கிடையாது. வடிவுக்கும் கிடையாது.